கேமரா எங்கே நிற்கிறது?

"நல்ல டாக்குமென்டரி ஏதாச்சும் இருந்தா சொல்லேன்" என்று கேட்கும் நண்பர்கள் பெரும்பாலும் தகவலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆழ்கடல், விண்வெளி, தொடர்கொலைகாரன், திவாலான கம்பெனி. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு விஷயம் முழுசாகத் தெரிந்துவிட வேண்டும். மறுநாள் மதியச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பேச முடிய வேண்டும். தப்பில்லை, நானும் அப்படி நிறையப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் படங்கள் வேறு ரகம். பார்த்து முடித்த பிறகு இவற்றில் தகவல் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்: இதை எடுத்தவர் எங்கே நின்று எடுத்தார்?

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பொறியாளன். என் மேசைக்குத் தினமும் எண்கள் வரும். ஓர் எண் கூடுதலா குறைவா என்று பார்ப்பதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய சில கேள்விகள் உண்டு. எந்தக் கருவியால் அளந்தார்கள்? கருவியை எங்கே வைத்தார்கள்? கடைசியாக எப்போது காலிபரேட் செய்தார்கள்? இவை தெரியாவிட்டால், மூன்று தசம இடம்வரை துல்லியமாக இருக்கிற எண்ணும் சும்மா மைதான். ஆவணப்படத்தையும் இதே பழக்கத்தோடுதான் பார்க்கிறேன். காட்சி எவ்வளவு தத்ரூபம் என்பது அப்புறம். கேமராவை யார், யாருக்காக, எங்கே வைத்தார்கள் என்பது முதலில்.

'ஆவணப்படம்' என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. ஆவணம் என்றதும் நிலப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும்தான் ஞாபகம் வரும். முத்திரை குத்தியாச்சு, இனிமேல் கேள்வி கிடையாது. ஆனால் இந்த வடிவத்தின் ஆரம்பத்திலேயே பெரிய கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' 1922இல் வெளியானது. வடக்குக் கியூபெக்கில் வாழ்ந்த ஓர் இனுவிட் குடும்பத்தைப் பற்றிய படம். நாயகனின் உண்மைப் பெயர் நானூக் இல்லை, அல்லாகரியாலாக். படத்தில் மனைவியாக வருபவர் அவருடைய மனைவி இல்லை. அந்த மக்கள் அப்போதே துப்பாக்கி வைத்து வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளாஹர்ட்டி கேமராவுக்காக ஈட்டியை எடுக்கச் சொன்னார். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்பதால் ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்டவைத்து, அந்தக் குளிரில் குடும்பத்தைத் தூங்கி எழச் சொன்னார்.

இதையெல்லாம்கூட நான் மன்னித்துவிடுவேன். எனக்கு உறுத்துவது வேறொன்று. ஃப்ளாஹர்ட்டியின் படப்பிடிப்புக்குத் தொழில்நுட்ப உதவியாளர்களாக இருந்தவர்களே இனுவிட் மக்கள்தான். படச்சுருளைக் கழுவ, கேமராவைப் பராமரிக்க எல்லாம் அவர்கள் உதவினார்கள். ஆனால் படத்தில் அல்லாகரியாலாக் கிராமபோன் தட்டை ஏதோ அதிசயப் பொருள்போல எடுத்து, வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். இயந்திரம் பழகிய ஒரு சமூகம், இயந்திரத்தையே பார்க்காத சமூகமாகத் திரையில் மாறிவிட்டது. கேமரா அங்கே இருந்ததையும், அதை இயக்க அவர்கள் உதவியதையும் மறைத்தால்தான் இந்தக் கதை நிற்கும். நூறு வருடம் கழித்தும் பார்க்க வேண்டிய படம்தான். ஆனால் அதை ஒரு எச்சரிக்கையாகப் பார்க்கலாம். இனி வரும் ஆறு படங்களும் அந்த மறைப்புக்கு ஆளுக்கொரு விதத்தில் பதில் சொல்கின்றன.

முதலாவது, அலென் ரெனேயின் 'நைட் அண்ட் ஃபாக்' (1956). வெறும் 32 நிமிடம். நாஜி வதைமுகாம்களைப் பற்றியது. போர் முடிந்து பத்து வருடம் ஆன பிறகு ரெனே முகாம்களுக்குப் போகிறார். புல் வளர்ந்திருக்கிறது. வானம் நீலமாக இருக்கிறது. கேமரா வண்ணத்தில், மெதுவாக, காலி முள்வேலிகளைக் கடந்து நகர்கிறது. திடீரென்று கறுப்பு வெள்ளையில் பழைய படங்கள். மறுபடி வண்ணம், மறுபடி புல். தான் தாமதமாக வந்திருக்கும் கேமரா என்பதை இந்தப் படம் ஒளிக்கவே இல்லை. அன்று நடந்ததை இன்று என்னால் காட்ட முடியாது, இந்த இடத்தை மட்டும்தான் காட்ட முடியும் என்று ஒப்புக்கொள்கிறது. பின்னணி உரையை எழுதிய ஜான் கெய்ரோல், மௌத்தவுசன் முகாமிலிருந்து உயிரோடு மீண்ட கவிஞர்.

இந்தப் படத்துக்குப் பிரான்சில் வந்த தணிக்கைச் சிக்கல் ரொம்ப முக்கியமானது. பிரான்சிலேயே இருந்த ஒரு தடுப்பு முகாமைக் காட்டும் புகைப்படத்தில், காவலுக்கு நிற்பவரின் தொப்பி தெரிகிறது. அது பிரெஞ்சுக் காவலரின் தொப்பி. நாஜிகளோடு பிரெஞ்சு அரசு ஒத்துழைத்ததற்கு அந்தத் தொப்பி சாட்சி. அதை மறைக்கச் சொன்னார்கள். ஒரு உத்தரம் குறுக்கே வருவதுபோலத் தீட்டி மறைத்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகுதான் தொப்பி திரும்பி வந்தது. ஒரு சமூகம் எதைப் பார்க்கப் பயப்படுகிறது என்று தெரிய வேண்டுமென்றால், அது எதை வெட்டச் சொன்னது என்று தேடினால் போதும். படத்திடம் எனக்கும் ஒரு குறை உண்டு. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் என்பதை உரை அழுத்திச் சொல்வதே இல்லை. 'யூதர்' என்ற சொல்லே அபூர்வம். தாமதமான கேமராவுக்கும் குருட்டுப் புள்ளி உண்டு.

இரண்டாவது, வெர்னர் ஹெர்சாக்கின் 'கிரிஸ்லி மேன்' (2005). டிமதி ட்ரெட்வெல் என்பவர் பதின்மூன்று கோடைகாலங்கள் அலாஸ்காவின் காட்மை தேசியப் பூங்காவில் கரடிகளோடு வாழ்ந்தார். தன்னையும் கரடிகளையும் நூறு மணி நேரத்துக்கு மேல் தானே படமெடுத்தார். 2003 அக்டோபரில் அவரையும் அவருடைய தோழி ஏமி ஹுகனார்டையும் ஒரு கரடி கொன்றது. அந்த நேரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸ் மூடி கழற்றப்படவில்லை. அதனால் காட்சி இல்லை, ஒலி மட்டும் பதிவாகிவிட்டது.

இப்படி ஒரு பதிவு கிடைத்தால் நம் கால யூடியூப் சேனல்கள் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஹெர்சாக் என்ன செய்கிறார்? ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தான் மட்டும் கேட்கிறார். கேமரா அவருக்குப் பின்னால் இருக்கிறது. நாம் பார்ப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் ட்ரெட்வெல்லின் பழைய தோழியின் முகத்தை. அந்தம்மா ஹெர்சாக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிறுத்தச் சொல்லிவிட்டு, இதை நீ ஒருநாளும் கேட்கக் கூடாது, அழித்துவிடு என்கிறார் ஹெர்சாக். ஒன்றுமே காட்டாத இந்தக் காட்சிதான் படத்தின் உச்சம். இதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். மறைப்பதாகச் சொல்லி ஆவலைக் கிளறுகிறார் என்பார்கள். அது நியாயமான சந்தேகம்தான். ஆனாலும் செத்துப்போனவரின் கடைசி ஆறு நிமிடங்கள் நம் பொழுதுபோக்குக்கு இல்லை என்று ஒரு கோடு அங்கே விழுகிறது. அந்தக் கோட்டை நாம் பார்க்கும்படியாகவே போட்டதால்தான் இது பெரிய படம்.

அப்படியென்றால் கொடுமையைக் காட்டாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. மூன்றாவது படம் அதற்காகத்தான். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017). தமிழ்நாட்டில் மலம் அள்ளும், சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றியது. இந்தியாவில் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 2013இல் இன்னொரு சட்டமும் வந்துவிட்டது. காகிதத்தில் எல்லாம் சரி. திவ்யபாரதி கேமராவைக் கழிவறைக்குள் கொண்டுபோகிறார். கையுறை இல்லாத கையைக் காட்டுகிறார். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும் இடங்களில் கேமரா நகர மாட்டேன் என்கிறது. செத்துப்போனவர்களின் வீட்டார் பேசுகிறார்கள். திரையிட அனுமதி கிடைக்காமல் படம் யூடியூபுக்கு வந்தது. அதே வருடம் இயக்குநர் ஒரு பழைய மாணவர் போராட்ட வழக்கில் கைது செய்யப்பட்டார்.

'கக்கூஸ்' படத்தில் நயம் தேடினால் கிடைக்காது. ஹெர்சாக் போல நாசூக்காக ஒதுங்கியிருந்தால் அது பொய்யான படமாக ஆகியிருக்கும். ஏனென்றால் இங்கே மறைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஊர் மொத்தமும் முகத்தைத் திருப்பிக்கொள்வதால்தான் அந்த வேலையே நடக்கிறது, குறிப்பிட்ட சாதிகளின் தலையில் விழுகிறது. அலாஸ்காவில் காட்டாமல் விட்டது இறந்தவர்களுக்கு மரியாதை. மதுரையில் காட்டாமல் விட்டால் அது நமக்கு வசதி. ஆக, காட்டலாமா கூடாதா என்பதற்குப் பொது விதி எதுவும் கிடையாது. மறைப்பதால் யாருக்கு லாபம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆகணும்.

நான்காவது, கொஞ்சம் மூச்சுவிட. ஆக்னெஸ் வார்தாவின் 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ' (2000). தமிழில் எழுதினால் துப்புரவாளர்கள் மாதிரி தெரிகிறது. உண்மையில் இது அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்குகிறவர்களைப் பற்றிய படம். பிரான்சில் உருளைக்கிழங்கு வயல், திராட்சைத் தோட்டம், சந்தை முடிந்த தெரு, குப்பைத்தொட்டி என்று வார்தா சுற்றுகிறார். அளவில் பெரிதானது, சிறிதானது, கோணலானது என்று தள்ளுபடி செய்த கிழங்குகளை லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எங்கள் தொழிற்சாலை மொழியில் இதற்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். அந்த ரிஜெக்ட் குவியலில் இதய வடிவில் ஒரு கிழங்கைக் கண்டுபிடித்து வார்தா வீட்டுக்கு எடுத்துப்போகிறார். தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் எவனும் அந்தக் காட்சிக்குப் பிறகு சிவப்புப் பெட்டியைப் பழைய மாதிரி பார்க்க முடியாது.

வார்தா அப்போது எழுபதைத் தாண்டியவர். கையில் சின்ன டிஜிட்டல் கேமரா. ஒரு கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு, சுருங்கிப்போன தன் இன்னொரு கையையே படமெடுக்கிறார். ஒருமுறை கேமராவை அணைக்க மறந்துவிட, லென்ஸ் மூடி ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் துண்டைத் தூக்கிப் போடாமல் இசை சேர்த்து வைத்திருக்கிறார். நானும் பொறுக்குகிறவள்தான், படங்களைப் பொறுக்குகிறேன் என்று படத்தின் தலைப்பிலேயே தன்னைச் சேர்த்துக்கொண்டவர் அவர். ஏழைகளைப் படமெடுக்கும்போது வருகிற அந்த மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் இந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

ஐந்தாவது படம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' (2014). வடக்குச் சுமத்ராவில் எடுத்தது. பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1965-66இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்திக் கொன்றவர்கள் குறைந்தது ஐந்து லட்சம் பேர் என்று கணிக்கிறார்கள். கொன்றவர்கள் தண்டனை இல்லாமல் பதவியிலும் செல்வாக்கிலும் இருந்தார்கள். ஓப்பன்ஹைமர் இந்த விஷயத்துக்குள் வந்த வழி நமக்கு முக்கியமானது. 2001இல் அவர் அங்கே போனது செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களோடு சேர்ந்து ஒரு படமெடுக்க. களைக்கொல்லி தெளிக்கும் பெண்கள் பாதுகாப்பு உடை இல்லாமல் நோய்வாய்ப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கம் அமைத்துக் கேட்கப் பயந்தார்கள். ஏனென்றால் அவர்களுடைய அப்பா, தாத்தாவெல்லாம் சங்கத்தில் இருந்ததற்காக 1965இல் கொல்லப்பட்டவர்கள்.

முதலில் வந்த 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012) கொலைகாரர்களைப் பேசவிட்டது. அவர்கள் தங்கள் கொலைகளைச் சினிமாப் பாணியில் நடித்துக் காட்டினார்கள். உலகமே அதைப் பாராட்டியது. எனக்கு 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' அதைவிட ஒரு படி மேல். இதில் கேமரா கேட்பவரின் பக்கம் திரும்பிவிட்டது. ஆதி என்பவர் கண்ணாடி போட்டுக்கொடுப்பவர். அவர் பிறப்பதற்கு முன்பே அண்ணன் ராம்லி கொல்லப்பட்டுவிட்டார். அண்ணனைக் கொன்றதில் தொடர்புள்ள கிழவர்களின் வீட்டுக்குப் போய், கண் பரிசோதனை செய்தபடியே ஆதி கேள்வி கேட்கிறார். பரிசோதனை லென்ஸ் மாட்டிய முகத்தோடு அவர்கள் பதில் சொல்கிறார்கள், கோபப்படுகிறார்கள், பழசைக் கிளறாதே என்று மிரட்டுகிறார்கள். ஒரு கொலைகாரரின் மகள், அப்பா செய்ததை அந்த நிமிடம்தான் முழுசாகக் கேட்டுவிட்டு, ஆதியிடம் மன்னிப்புக் கேட்கிறார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். இந்தோனேசியக் குழுவினர் பலருக்கு அங்கே பெயர் இல்லை. 'அனாமதேயர்' என்று வரிசையாக ஓடுகிறது. ஒரு படத்தின் கேமரா எவ்வளவு ஆபத்தான இடத்தில் நின்றது என்பதை அந்தப் பட்டியலைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

ஆறாவது, மலேசியப் படம். அமீர் முகம்மதுவின் 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' (2006). மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைப் பற்றிய படம். ஆனால் படத்தில் சின் பெங் வரவே மாட்டார். அவர் பிறந்த சித்தியவானில் தொடங்கி, அவர் வாழ்க்கை கடந்துபோன ஊர்களுக்கெல்லாம் கேமரா போகிறது. இன்று அங்கே வாழும் சாதாரண சனங்கள் தங்கள் தொழிலைப் பற்றி, ஊரைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுவில் பிரச்சாரப் பாடல்களைக் கிண்டல் செய்யும் பாட்டுகள். அவ்வளவுதான் படம். தணிக்கையில் ஒரு வெட்டுகூட இல்லாமல் தேறிய இந்தப் படத்தை அப்புறம் உள்துறை அமைச்சு தடைசெய்தது. இல்லாத ஒருவரின் படத்துக்குத் தடை! இதோடு தான் பின் பின்னின் 'டு சிங்கப்பூர், வித் லவ்' (2013) படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடு திரும்ப முடியாத சிங்கப்பூர் அரசியல் நாடுகடந்தோரைப் பற்றிய அந்தப் படம், முழுக்க முழுக்கச் சிங்கப்பூருக்கு வெளியே எடுக்கப்பட்டது. 2014இல் சிங்கப்பூரில் பொதுத் திரையிடலுக்கு அனுமதி மறுத்தபோது, அங்கிருந்து பஸ் ஏறி ஜொகூர் பாருவுக்கு வந்து பார்த்தார்கள். இரண்டு படங்களிலும் கேமரா எட்டமுடியாத ஓர் இடம் இருக்கிறது. அந்த எட்டாமையைத்தான் இரண்டு பேரும் வடிவமாக மாற்றியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் இளம் வாசகர்களுக்கு ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் இப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். நல்ல விஷயம். தோட்ட வாழ்க்கை, பால்மரம், லயன் வீடு, சயாம் ரயில் என்று கைப்பேசியிலேயே பதிவுசெய்கிறோம். 1942-43இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. போய்வந்தவர்களும் அநேகமாக எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நம்முடையதும் தாமதமான கேமராதான்.

அந்தத் தாமதத்தை மறைக்கத்தான் நாம் ரொம்பப் பாடுபடுகிறோம். நான் பார்த்த பல காணொளிகளில் முதலில் டிரோன் செம்பனைக்கு மேலே பறக்கும். பின்னால் வயலின் அழும். பிறகு ஒரு பாட்டியின் முகம் நெருக்கமாக வரும். அந்தப் பாட்டி அழும்வரை கேமரா காத்திருக்கும், அழுததும் காட்சி முடிந்துவிடும். கேள்வி கேட்பவரின் குரலை வெட்டிவிட்டிருப்பார்கள். பாட்டி ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தி வேறெங்கோ பார்த்திருந்தால், அந்த மௌனத்தையும் வெட்டியிருப்பார்கள். இப்படித்தான் அல்லாகரியாலாக் மறுபடி கிராமபோன் தட்டைக் கடிக்கிறார். மண்டோரோடு சண்டை போட்ட, சீட்டுப் பிடித்த, ரேடியோவில் பாட்டுக் கேட்டுச் சினிமா பேசிய ஒரு பெண்மணி, கண்ணீர் விடுவதற்கு மட்டுமே இருக்கும் 'தோட்டத்துப் பாட்டி'யாக ஆகிவிடுகிறார்.

நான் சொன்ன படங்களிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை கைக்கெட்டும் விஷயங்கள்தான். கேள்வி கேட்கும் உங்கள் குரலை வெட்டாதீர்கள். நீங்கள் வந்துசேர்ந்தபோது அங்கே என்ன இருந்ததோ அதையும் எடுங்கள். லயன் இடிந்து வீடமைப்புத் திட்டம் வந்திருந்தால் அந்த வீடுகளையும், பார்க்கிங்கில் நிற்கும் கார்களையும் எடுங்கள். "பாட்டி, இத நிறுத்திடவா? இது உங்களுக்கு மட்டும் இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னதை வெளியிடாதீர்கள். வேண்டாம் என்று சொன்னார் என்பதை மட்டும், அவருக்குச் சம்மதமென்றால், படத்தில் வையுங்கள். அதே சமயம் யாரோ ஒரு முதலாளியின், தலைவரின், குடும்பத்துப் பெரியவரின் மரியாதைக்காக ஒன்றை மறைக்கச் சொன்னால், அந்த ரெனே படத்துத் தொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 'நைட் அண்ட் ஃபாக்'. 32 நிமிடம், ஒரு மதிய இடைவேளை போதும். 'கக்கூஸ்' படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், கூட யாராவது இருக்கட்டும், பார்த்த பிறகு பேசுங்கள். 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' படத்தை முடிந்தால் தோட்டத்தில் வளர்ந்த அப்பாவோடோ பெரியப்பாவோடோ உட்கார்ந்து பாருங்கள். மலாயும் இந்தோனேசிய மொழியும் ஒட்டியே இருப்பதால் அவர்களுக்குப் பாதிக்கு மேல் சப்டைட்டில் தேவைப்படாது. களைக்கொல்லி பற்றி, சங்கம் பற்றிப் படம் முடிந்ததும் அவர்களாகவே ஏதாவது சொல்ல ஆரம்பிக்கலாம். அப்போது உடனே கைப்பேசியை எடுக்காதீர்கள். முதல் தடவை காதால் கேளுங்கள்.